காற்றுப் புகாத கூடு

அண்ணை முதலில் அளவு எடுக்கவில்லை. உட்கார்ந்தார். வேலை அப்படித்தான் தொடங்கியது.

ட்ருகனினா என்ற புறநகரில் அவருடைய வீட்டின் முன்னால், கார் நிறுத்தும் சிமெந்துத் தரையில், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் துருப்பிடித்த பழைய ட்ரெய்லர் ஒன்று நின்றது. அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையை வைத்தார். தடித்த ஜாக்கெட்டைப் போட்டு, தூண்டில் தடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி அதில் அமர்ந்தார். என்னிடம் ஒரு பென்சிலையும் நாலு நீளமான மரச்சட்டங்களையும் தந்தார். முழங்கை எங்கே போகிறது, தலை எங்கே முட்டும், காலை நீட்டினால் எவ்வளவு தூரம் என்று சட்டத்தை அவர் உடம்போடு சேர்த்துப் பிடித்துக் கோடு போடச் சொன்னார். அளவுநாடா அவருடைய பையிலேயே கிடந்தது.

“ஆள் இருக்கிற அளவுக்குத்தான் தம்பி கூடு. மிச்சம் விட்டா அந்த மிச்சத்தில குளிர் வந்து குடியிருக்கும்” என்றார்.

அந்தச் சொல்லை அன்றைக்கே மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போதும் கடைக்குப் போய் ஜாக்கெட் போட்டுப் பார்க்கும்போது ஞாபகம் வரும்.

அது 2012ஆம் ஆண்டுக் குளிர்காலம். நான் அவர்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். படகில் வந்து தடுப்பு முகாமில் இருந்த என்னைத் தற்காலிக விசாவோடு வெளியே விட்டிருந்தார்கள். அண்ணையும் நானும் ஒரே களஞ்சியத்தில் வேலை. அவர் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், நான் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சுற்றுவேன். அதற்கு முந்தின குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா வந்து மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்தபோது உடம்பு வந்தது, மூச்சு பாதிதான் வந்தது. நெஞ்சில் குளிர்காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர் ஒருதரம்தான் சொன்னார். அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, அதைத் தன் காதுக்குள் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று நினைக்கிறேன்.

அந்த நிமோனியா வருத்தம் வருவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணையை வீட்டில் காண முடியாது. ஏதாவது ஒரு ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்பார். ஆஸ்பத்திரியால் வந்தபின் அக்கா தூண்டில்களை எல்லாம் துணியில் சுற்றி கராஜ் அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். அண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பிழையாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்த்தார். பிறகு மற்ற நாட்களிலும். கேட்டால் ஓம், இல்லை, இரண்டு சொல்தான்.

ஒருநாள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே அக்கா எனக்குச் சொன்னார்: “போனா மூச்சுப் போயிடும் எண்டு பயமாக் கிடக்கு தம்பி. போகாட்டி ஆளே போயிடும் போல கிடக்கு.” வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ரொறன்ரோவிலிருந்து அக்காவின் தம்பி, அங்கே போன குளிர்காலத்தில் எடுத்த ஒரு படம் அனுப்பினார். உறைந்துபோன ஏரி. அதன்மேல் பழைய ட்ரெய்லரில் கட்டிய ஒரு சின்னக் குடில். உள்ளே அவர் கையில்லாத பெனியனோடு இருக்கிறார், காலடியில் பனிக்கட்டியில் வெட்டிய துளை, துளைக்குள் தூண்டில் நூல், கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. வெளியில் மைனஸ் இருபது என்று எழுதியிருந்தார். நானும் அண்ணையும் அந்தத் துளையைப் பார்த்து ஆச்சரியப்பட்டோம். அக்கா பார்த்தது அதையல்ல. தம்பியின் வெறுங்கைகளையே நெடுநேரம் பார்த்தார். மைனஸ் இருபதில் வெறுங்கை.

“இப்பிடி ஒண்டு கட்டுங்கோ” என்றார். “ஆனா காத்து உள்ளுக்கு ஒரு சொட்டும் வரப்படாது. நான் பாத்துத்தான் விடுவன்.”

அண்ணை எழுந்துபோய் டிவியை நிறுத்தினார்.

எதிர்வீட்டுக்காரர் நகரசபை எடுத்துப் போகட்டும் என்று புல்வெளியில் தள்ளி வைத்திருந்த ட்ரெய்லர்தான் எங்களுக்குக் கிடைத்தது. சட்டத்துக்கு, களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி உடைந்துபோன பலகைத் தட்டுகள். சுவருக்கு, அங்கேயே குளிர் அறை ஒன்றைத் திருத்தியபோது மிஞ்சிய பலகைத் துண்டுகள்: இரண்டு பக்கமும் வெள்ளைத் தகரம், நடுவில் நுரை. அதைத் தூக்கிப் பார்த்தபோதே எனக்கு வியப்பு. ஒரு ஆள் உயரத் துண்டை இரண்டு விரலால் பிடிக்கலாம். வெயிலில் வைத்து ஒரு பக்கம் சுடச் சுட, மறுபக்கம் கன்னத்தை வைத்தால் குளிராக இருந்தது. மீனையும் இறைச்சியையும் குளிரில் வைத்திருக்கச் செய்த சுவரை ஒரு மனிதனைச் சூட்டில் வைத்திருக்கத் திருப்பிப் போடுகிறோம் என்று அண்ணை சொன்னார். சுவருக்கு அது தெரியவா போகிறது, அது தன் வேலையைச் செய்யும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கட்டினோம். ஐந்து ஸ்குரூ பூட்டுவார், பிறகு ட்ரெய்லரின் இழுவைக் கம்பியில் அமர்ந்து மூச்சு வாங்குவார். மறுபடி ஐந்து. நான் பூட்டுகிறேன் என்றால் தரமாட்டார். முதலில் எனக்கு அலுப்பாக இருந்தது. இரண்டாவது கிழமைதான் பார்த்தேன், ஒரு ஸ்குரூவும் கோணலாக இல்லை. இருக்கிற மூச்சைப் பங்கு போட்டு, ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டிருந்தார். முழு மூச்சுள்ள நான் பூட்டினவைதான் கோணல்.

தெருவால் போகிறவர்கள் எல்லாரும் ஒரு கதை சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் கக்கூஸா என்று கேட்டார். மூலைவீட்டு மதுரைக்காரர் தினமும் நடக்கப் போகும்போது நின்று பார்ப்பார். “என்ன சார், டீக்கடை போடுறீங்களா? முதல் டீ எனக்குத்தான்” என்பார். மீன் பிடிக்க என்றதும் அவர் ஏறி இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீனுக்கு இந்த மரியாதை தெரிந்தால் தானே வந்து ஏறிவிடும் என்றார். அண்ணை சிரித்தார். பல மாதங்களுக்குப் பின் அவருடைய சிரிப்பைக் கேட்டேன். குசினி ஜன்னலில் திரை அசைந்தது. அக்காவும் கேட்டிருக்க வேண்டும்.

இங்கே உறைந்த ஏரி ஏது? அதனால் தரையில் துளை போடவில்லை. பக்கச்சுவரில் ஒரு நீளப் பிளவு விட்டு, பழைய டயர் டியூபை வெட்டி இரண்டு உதடு மாதிரி ஒட்டினோம். தூண்டில் தடி அந்த உதட்டுக்குள்ளால் வெளியே போகும். காற்று உள்ளே வராது. கதவின் ஓரமெல்லாம் ரப்பர்.

முடிந்தது என்று அண்ணை சொன்ன அன்று அக்கா சாமி அறையிலிருந்து காமாட்சி விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் பூசைக்கு என்று நினைத்தோம். அவர் கூட்டுக்குள் ஏறி, விளக்கைக் கதிரையில் வைத்து ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டார். ட்ருகனினாக் காற்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேற்கே தடுக்க ஒரு மரம் கிடையாது, வெறும் புல்வெளி தாண்டி நேரே வந்து ஆளைத் தள்ளும். வெளியே நாங்கள் இருவரும் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் பெற்றோர்போல நின்றோம்.

கதவு திறந்தது. “ஆடுது” என்றார். விளக்கோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

சிலிக்கோன் பசை வாங்கி வந்து மூலையெல்லாம் பூசினோம். அடுத்த கிழமை மறுபடி விளக்கு. மறுபடி ஆடியது. ஸ்குரூத் தலைகள், தரைப்பலகையின் இடுக்குகள், கதவுப் பிணைச்சல் என்று விரலை நக்கி நக்கி வைத்து, குளிர்கிற இடத்தையெல்லாம் அடைத்தோம். மூன்றாம் கிழமை அக்கா கதவைத் திறந்து எங்களையும் உள்ளே கூப்பிட்டார். சுடர் நேராக நின்றது. படத்தில் வரைந்தது போல, ஒரு நடுக்கமும் இல்லாமல். வெளியே காற்று தகரத்தில் அடிக்கிற சத்தம் கேட்கிறது, உள்ளே சுடர் அசையவில்லை. மூன்று பேரும் குனிந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையால் கட்டியது என்று நம்ப முடியவில்லை.

அப்போது ஒரு வேலை செய்தோம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. அக்கா சொன்னார், வீடு மாதிரி இருக்கிறது, பால் காய்ச்சாமல் எப்படிக் குடியிருப்பது என்று. அண்ணை உடனே வெளியில் கொண்டுபோகும் சின்னக் காஸ் அடுப்பை எடுத்து வந்தார். ஒரு ஆளின் முழங்கைக்கு அளந்து கட்டிய கூட்டுக்குள் மூன்று பேர், ஒரு விளக்கு, ஒரு அடுப்பு. சூடு போகக்கூடாது என்று கதவையும் சாத்தினோம்.

பால் சூடாக நேரம் எடுத்தது. சுவரில் வியர்வை போல நீர் இறங்கியது. யார் என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை, எனக்கு மெல்ல நெற்றி கனத்தது. விளக்கைப் பார்த்தேன். சுடர் இன்னும் நேராகத்தான் நின்றது, ஆனால் சிறிதாகி, மஞ்சள் மங்கி இருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்த அதே நேரம் அண்ணை இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. இருமலுக்கு நடுவே இழுக்க மூச்சு இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். கதவு ரப்பர் இறுக்கத்தில் திறக்க மறுத்தது. அக்கா தோளால் ஒரு இடி இடித்தார், கதவோடு சேர்ந்து வெளியே போய் விழுந்தார்.

நான் அடுப்பை அணைத்து அண்ணையைப் பிடித்து இறக்கினேன். அந்த மேற்குக் காற்று முகத்தில் அடித்தது. அவர் ட்ரெய்லர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதை இழுத்து இழுத்துக் குடித்தார். அக்கா தரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை, யாரையும் ஏசவில்லை. முழங்கை உரசி இரத்தம் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

இத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அண்ணையும் அப்படித்தான் நினைத்திருப்பார், அன்றைக்கே தூண்டிலைத் துணியில் சுற்றிவிட்டார்.

அடுத்த நாள் வேலையால் வந்தபோது அக்கா கூட்டுக்குள் கதிரையில் தனியாக அமர்ந்திருந்தார். மடியில் துளைபோடும் மெஷின். என்னைக் கண்டதும் அதில் வட்டமாக வெட்டும் அலகைப் பூட்டித் தரச் சொன்னார். பிறகு கையை நெஞ்சுக்கு நேரே சுவரில் வைத்தார், எடுத்தார். கீழே கணுக்கால் உயரத்தில் வைத்தார்.

“இதில ஒண்டு. அங்கால மேல, தலைக்கு மேல ஒண்டு. குசினியில ஆவி மேலதானே போகும். கீழால வந்து மேலால போகட்டும், நெஞ்சில படாது.”

இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, இரவு முழுக்க யோசித்தேன் என்றார். மெஷினை அவரே பிடித்தார். மூன்று கிழமை நாங்கள் அடைத்து அடைத்து எழுப்பிய சுவரில் வட்டமாகத் தகரமும் நுரையும் சுருண்டு விழுந்தன. இனி அடுப்பு உள்ளே வராது, வெளியில்தான் என்று அதையும் சொன்னார். பிறகு அண்ணையைக் கூப்பிட்டு, விளக்கைக் கதிரையில் வைத்து ஏற்றினார். சுடர் லேசாக ஆடியது. அண்ணை அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“ஆடட்டும்” என்றார் அக்கா. “ஆடாட்டித்தான் பயம்.”

அதற்கடுத்த ஞாயிறு, விடிந்தும் விடியாததுமாகப் போனோம். பலரட் என்ற ஊர்ப்பக்கம், மேட்டுநிலத்தில் ஒரு ஏரி. அக்கா முன்சீட்டில் இருந்து வழி நெடுகக் கண்ணாடியில் பின்னால் வரும் கூட்டையே பார்த்தார். காரை விட்டு இறங்கினால் கால் வைக்க மனம் வரவில்லை. புல்லெல்லாம் வெள்ளை. வேலிக் கம்பி ஒவ்வொன்றும் நூல் சுற்றியதுபோலத் தடித்து வெளுத்திருந்தது. ஏரிக்கரையில் தண்ணீரின் ஓரம் கண்ணாடித் தோல் போட்டிருந்தது. குனிந்து விரலால் தொட்டேன், கீச்சென்று கீறு விழுந்து நாலு திசையும் ஓடியது. தண்ணீர் உறைவதை அதுவரை ஃப்ரீசரில்தான் கண்டிருக்கிறேன். யாரும் வைக்காமல், யாரையும் கேட்காமல், அது தானாக ஒரு ஏரியின் ஓரத்தில் அப்படி நிற்கும் என்று யார் நினைத்தது?

அண்ணை உள்ளே போய் அமர்ந்தார். தடி ரப்பர் உதட்டால் வெளியே நீண்டது. கதவு மூடியது. அக்கா வெளியே, கைகளை ஜாக்கெட் கைக்குள் இழுத்துக்கொண்டு, குடிலின் பக்கத்தில் நின்றார். காருக்குள் இருங்கோ என்று நான் சொன்னது காதில் விழவில்லை. அவர் மேலே இருந்த துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். அந்தக் குளிரில், துளைக்கு வெளியே, மெல்லிய வெள்ளை ஆவி ஒன்று வந்து கலைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. அண்ணையின் மூச்சு. ஒரு மனிதனின் மூச்சை அவனைக் காணாமல், கூரைக்கு மேலே, தனியாக நான் அதற்கு முன் கண்டதில்லை. இழுப்பு இல்லை, தடக்கல் இல்லை. சூரியன் மரத்துக்கு மேலே ஏறியபோது ஒவ்வொன்றும் பொன்னிறமாக வந்து போனது. அக்காவின் உதடு அசைந்தது. எண்ணினாரா, கும்பிட்டாரா தெரியாது.

எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன், கால்விரல்கள் எனக்கு மரத்துவிட்டன. கடைசியில் அக்கா கையால் தகரத்தை ஒருதரம் தட்டினார். உள்ளேயிருந்து “ஓம்” என்றார் அண்ணை. அக்கா திரும்பி நடந்து, காரில் ஏறி, சீட்டைச் சாய்த்தார்.

மீன் கடித்தபோது நான்தான் வலையோடு ஓடினேன். நல்ல ட்ரவுட் ஒன்று, பக்கமெல்லாம் புள்ளி. அண்ணை கதவைத் திறந்து இறங்கி, சளி பிடித்த குழந்தையைத் தூக்குவதுபோல அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு காட்டப் போனார். கார்க் கண்ணாடியருகே போய் நின்றார். அக்கா வாயைத் திறந்தபடி அசந்து நித்திரை. இரவு இரவாக இவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்த மனுசி.

அண்ணை மீனை என்னிடம் தந்தார். சத்தம் போடாமல் திரும்பி வந்து, உள்ளே ஏறி, ரப்பர் கதவை மெதுவாக இழுத்துச் சாத்திக்கொண்டார்.