நார்பர்ட்டின் மூன்று கேள்விகள்

"அன்னிக்குப் பனி எவ்வளவு கொட்டிச்சு?" என்று கேட்கிறார் நார்பர்ட் டெல்ஃபோஸ். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அப்பாவித்தனம். எதிரே பிராந்தி கிளாசுடன் நிற்கிற மனிதர், பாவம், முழங்கால் உயரத்துக்குக் கையைக் காட்டுகிறார். "இம்புட்டு இருக்கும். முன்னாடி உக்காந்தவன் தலையே தெரியல." நார்பர்ட் மெல்லத் தலையாட்டிவிட்டு, பொரித்த மீனில் எலுமிச்சையைப் பிழிகிறார். அன்று பனி கொட்டவே இல்லை. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது, நல்ல வெயில்.

கிரீன் பேயில் அறுபத்தேழாம் வருஷத்தின் கடைசி நாளை யாரும் தேதி போட்டுச் சொல்வதில்லை. 'அந்த மேட்ச்' என்றால் போதும், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டுகிற அமெரிக்கக் கால்பந்தின் பட்டப் போட்டி. ஃபாரன்ஹீட்டில் சுழியத்துக்குக் கீழே பதின்மூன்று டிகிரிக் குளிர். நடுவரின் விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்ததாம். டல்லாஸ்காரர்கள் கையில் இருந்த பட்டத்தை நம் ஊர்ப் பையன்கள் கடைசிப் பதினாறு விநாடிக்குள் பிடுங்கினார்கள். அரங்கில் இருந்தது ஐம்பதாயிரம் பேர். நேரில் பார்த்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறவர்களை உட்கார வைக்க இன்னும் மூன்று அரங்கம் கட்ட வேண்டும்.

இந்தப் புளுகர்களைப் பிடிப்பதுதான் நார்பர்ட்டின் ஓய்வுக்காலத் தொழில். காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம், ஓடுகிற சுருளை விரலால் தொட்டே கோளாறு கண்டுபிடித்தவர். வயது எண்பது தாண்டிவிட்டது. ஜூலை மாதத்திலும் இரண்டு ஜோடி காலுறை போடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவி ஆர்லீனுடன், மீன் சாப்பாடும் போடுகிற வெர்னாவின் மதுக்கடைக்கு வந்து, மூலை மேஜையில் உட்கார்ந்து, ரை தானிய ரொட்டியின் ஓரத்தை முதலில் தின்று முடிப்பார். பிறகு யாராவது அந்த மேட்ச்சைப் பற்றி வாயைத் திறக்கிறார்களா என்று காத்திருப்பார்.

கேள்விகள் மூன்று. பனி எவ்வளவு? இடைவேளையில் வாத்தியக் குழு எப்படி வாசித்தது? கடைசிப் பந்து எந்தப் பக்கம் போனது? வாத்தியங்கள் உறைந்துபோய் அன்று யாரும் வாசிக்கவில்லை என்பது வந்தவர்களுக்குத்தான் தெரியும். "பிரமாதமா வாசிச்சாங்க" என்று சொல்கிறவரை நார்பர்ட் அன்பாகத் தோளில் தட்டி அனுப்பிவைப்பார். அன்றைக்கு இன்னொரு தட்டு மீன் கேட்பார்.

தேறிவிடுகிறவர்கள் வந்தால்தான் தொல்லை. போன குளிர்காலத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மூன்றுக்கும் பளிச்சென்று பதில் சொல்லிவிட்டார். நார்பர்ட் பாதி மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு வாரம் வீட்டில், அந்த ஆள் ஒரு நாளும் சரியான பெட்டியில் கடிதம் போட்டதில்லை என்று பொருமிக்கொண்டிருந்தார். ஆர்லீனுக்குக் காரணம் தெரியும்.

பொறாமைதான், வேறொன்றுமில்லை. நார்பர்ட் அன்று அரங்கில் இருந்தார், ஆனால் கடைசிவரை இல்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, நம்மவர்கள் தோற்றாயிற்று, ஐம்பதாயிரம் பேர் வெளியே வருவதற்குள் காரைக் கிளப்பிவிடலாம் என்று எழுந்துவிட்டார். அப்போது அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஆர்லீன், "அஞ்சு நிமிஷம் இருப்போமே, நார்பர்ட்" என்று கெஞ்சினார். இருக்கவில்லை. காரும் கிளம்பவில்லை. மூடிய கண்ணாடிக்குள் இருவரும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த இரைச்சல் வந்து கதவை அதிரவைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கூடுதலாக ஐந்து நிமிஷம் குந்தியிருந்த ஒவ்வொருவர் மீதும் அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. தொலைக்காட்சியில் அந்தக் காட்சி நூறு முறை வந்திருக்கிறது. வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது படம் அல்ல, பார்த்தவர் வாய்ச்சொல். கேள்வி கேட்கிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால், அவர் கடைசிவரை இருந்தவர் என்றே ஊர் நம்பியது.

தன் மகள் வீட்டோடு இருக்க ஊருக்கு வந்திருந்த டொலோரஸ் என்கிற கைம்பெண் ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். பதினாறு வயதில் அப்பாவின் மான்வேட்டை உடுப்பை மாட்டிக்கொண்டு, பூட்சுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு அந்த மேட்ச்சுக்குப் போனாராம். நார்பர்ட் தன் மூன்று கேள்விகளையும் கேட்டார்.

"பனியா? வெயில் கண்ணைக் கூசிச்சே. வாத்தியம் எங்க வாசிச்சாங்க, உதடு ஒட்டிக்கிட்டு சில பேரை ஆஸ்பத்திரிக்குல்ல தூக்கிட்டுப் போனாங்க. கடைசிப் பந்து தெற்குப் பக்கம். எங்க சீட்டுக்கு நேர் கீழ."

நேர் கீழே. நார்பர்ட் வாய்க்குக் கொண்டுபோன மீனைத் தட்டிலேயே வைத்தார். பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பொறுக்க முடிந்த குளிர் தனக்கு முடியாமல் போயிற்றே என்று அந்த அம்மாளின் சுருங்கிய கண்களையே வெறித்துப் பார்த்தார். இந்தக் கண்கள் பார்த்திருக்கின்றன. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைத் தள்ளினார். ஆனால் எழவில்லை.

"அப்புறம்?" என்றார். "அந்தக் கடைசி ஆட்டம் எப்படி?"

டொலோரஸ் சிரித்துக்கொண்டே ரொட்டியில் வெண்ணெய் தடவினார். "நேர்ல பார்த்தவர்னு ஊரே சொல்ற உங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல. நீங்களும் கடைசிவரைக்கும் இருந்தீங்கதானே?"

ஆர்லீன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். வெர்னா கிளாஸ் துடைப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் போதும், ஊரில் இருக்கிற பேர் அப்படியே இருக்கும். ஆனால் ஆமாம் என்று சொன்னால் இந்த அம்மாள் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போய்விடுவார். ஏற்கெனவே பார்த்தவருக்கு யார் சொல்வார்கள்? தபால்காரரும் அதனால்தான் சொல்லவில்லை.

"இல்ல" என்றார் நார்பர்ட். "நான் கார்ல இருந்தேன்."

டொலோரஸ் ரொட்டியை ஓரமாகத் தள்ளினார். ஒரு கத்தியை எடுத்து மேஜையில் குறுக்கே வைத்தார்.

"இதுதான் கோடு, தாண்டினா ஜெயிச்சோம். ஒரு கஜம்கூட இல்ல. பந்தை வாங்கி ஓடினவன் ரெண்டு தடவை வழுக்கி விழுந்துட்டான். எங்கப்பா கண்ணை மூடிக்கிட்டார். நான் மூடல." உப்புக்குப்பியைக் கத்திக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். "பந்தை எடுத்துக் குடுக்கிறவன் இந்தத் தடவை யாருக்கும் குடுக்கல. தானே நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, முன்னாடி நின்ன நம்ம ஆள் முதுகை ஒட்டியே விழுந்தான். இப்படி." குப்பி கத்தியைத் தாண்டிப் போய்ச் சாய்ந்தது. கொஞ்சம் உப்பு சிந்தியது.

நார்பர்ட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு விரலால் உப்புக்குப்பியை நிமிர்த்தி எடுத்து, கத்திக்கு இந்தப் பக்கம், முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இன்னொரு தடவை" என்றார்.