பிறந்த தேதியைப் பூட்டாக வைத்தவர்கள்

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் என் தொழிலின் விளைபொருள். அதை மூட்டை கட்டி யாருக்கும் காட்ட முடியாது. பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு மாவட்டத்துக் கடைகள், டிராவல்ஸ்கள், லாரி ஆபீஸ்கள் ஆகியவற்றின் வலைத்தளங்களையும், அவற்றுக்குப் பின்னால் சேர்ந்து கிடக்கும் வாடிக்கையாளர் விவரங்களையும் திருடர்களிடமிருந்து காப்பவன் நான். இதைப் படிக்கிற உங்களில் யாராவது தெரிந்தவர் கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவராகவோ, சொந்தக்காரர்களின் போனுக்கெல்லாம் வைரஸ் பார்ப்பவராகவோ இருந்தால் மேலே விளக்க வேண்டியதில்லை. நம் துயரம் ஒன்றுதான். சென்ற வருடம் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரே ஒரு கணக்கு. ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு அதற்குள் சிக்கியிருந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சாவியும் சேர்த்து

அரியலூரில் கலியபெருமாள் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். முன்பு கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர். பிறகு பத்திரிகைக்கு முந்தைய கட்டத்துக்கு நகர்ந்துவிட்டார். அவருடைய வலைத்தளத்தில் சில ஆயிரம் ஜாதகங்கள் இருக்கின்றன. ஒரு வரனைப் பிடித்தவர்கள் 'விருப்பம்' அனுப்புவார்கள். அதற்குச் சம்மதம் என்றோ வேண்டாம் என்றோ பதில் சொல்லலாம். இதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு. யாரும் மறந்துவிடக் கூடாதே என்று, அவரவர் பிறந்த தேதியையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார்.

எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் வியாதி உண்டு. நூறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டாலும் மொத்தத் தேதிகள் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம்தான், ஒரு சின்ன புரோகிராம் காபி ஆறுவதற்குள் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும் என்று விளக்கினேன். பாதி விளக்கத்தில்தான் எனக்கே உறைத்தது, இங்கே புரோகிராமே தேவையில்லை. பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம் மூன்றையும் ஜாதகத்தின் தலையில் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்புவதுதான் இவர் வியாபாரம். வேறெந்தத் தொழிலிலும் சாவியைப் பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவி அனுப்பமாட்டார்கள். உடனே மாற்றிவிடலாம் என்றேன். கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாம நல்ல குடும்பங்களுக்கு மட்டுந்தாங்க ஜாதகம் அனுப்புறோம்."

வெளியில் இருப்பவர்கள்

அவர் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து யாரும் உள்ளே நுழைய முடியாதபடி அந்தத் தளத்துக்கு ஒரு தடை போட்டேன். எங்கள் தொழிலில் இது பாலபாடம். அதே சூட்டோடு லப்பைக்குடிக்காட்டில் ஜமால் பாயின் டிராவல்ஸ் தளத்துக்கும் அதே தடையைப் போட்டேன்.

மறுநாள் காலையில் ஜமால் பாய் கூப்பிட்டார். அவருடைய வாடிக்கையாளர்கள் துபாயிலும் தம்மாமிலும் குவைத்திலும் வேலை பார்ப்பவர்கள். ஊருக்கு வர டிக்கெட் பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் 'உங்களுக்கு இங்கே அனுமதியில்லை' என்று சிவப்பு எழுத்தில் காட்டியிருக்கிறது. ஒற்றுப்பிழை வராமல் நானே எழுதிய வாசகம். தடையை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். பாய்க்குக் கோபமில்லை, வருத்தம்தான். "தம்பி, வெளியில இருக்கிற எங்க ஆளையெல்லாம் கள்ளனாக்கிட்டு, உள்ளூர்ல இருக்கிறவனையெல்லாம் நல்லவனாக்கிட்டீங்களே" என்றார்.

பதினோரு பேர்

இரண்டு மாதம் கழித்து, கலியபெருமாள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, நான் அவர் ஆபீஸில் இருந்தபோது மகேஸ்வரி வந்தார். முப்பத்து மூன்று வயது. ஆண்டிமடத்தில் ஒரு முந்திரிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவரைப் போட்டோவில் பார்த்த ஞாபகத்தில் அடையாளம் கண்டு, "எங்க தம்பியை ஏம்மா மறுநாளே வேண்டாம்னுட்ட?" என்று கேட்டிருக்கிறார். மகேஸ்வரிக்குத் தம்பியும் தெரியவில்லை, மறுநாளும் தெரியவில்லை.

அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். எட்டு மாதத்தில் பதினோரு விருப்பங்கள் வந்திருந்தன. பதினொன்றுக்கும் 'வேண்டாம்' என்று பதில் போயிருந்தது. வேண்டாம் என்று சொன்னவை எல்லாம் பின்னால் ஒரு தனிப் பக்கத்துக்குப் போய்விடும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. முகப்பில் 'புதிய விருப்பங்கள் இல்லை' என்ற ஒரு வரிதான் நிற்கும். மகேஸ்வரி ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வரியைப் படித்துவிட்டு மூடியிருக்கிறார். இப்போது என்னைப் பார்க்காமல் திரையிடம் சொல்வதுபோல் சொன்னார்: "என்னைய யாரும் கேக்கலைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சீனாக்காரன்

எதிர்த் தெருவில் இன்னொரு தகவல் மையம் இருக்கிறது. அவர்கள் வேலைதான் இது என்று கலியபெருமாளுக்குச் சந்தேகமே இல்லை. நான் பதிவேட்டை எடுத்தேன். யார், எப்போது, எந்த இணைப்பு வழியாக உள்ளே வந்தார்கள் என்பதைத் தளம் தானாகவே குறித்து வைத்திருக்கும். பதினோரு மறுப்பும் வேலை நாட்களில், முற்பகலில், ஒரே வீட்டு இணைப்பிலிருந்து போயிருந்தன. மகேஸ்வரி ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வந்ததும் அதே இணைப்பிலிருந்துதான். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு முதல் தடவையே சரியாகப் போடப்பட்டிருந்தது.

பகலில் அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று கலியபெருமாளிடம் கேட்டேன். "அவங்க அப்பா ஒருத்தர்தான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினவரு. பக்கவாதம் வந்து மூணு வருசமா வூட்டோட இருக்காரு. பொண்ணுதான் எல்லாம் பாத்துக்குது" என்றார். சொல்லி முடித்த பிறகு அவருக்கும் புரிந்துவிட்டது. ஜாதகம் எழுத நேரம் குறித்துக் கொடுத்தவருக்குப் பிறந்த தேதியை யாரும் திருடித் தர வேண்டியதில்லை. அப்புறம் கலியபெருமாள் குரலைத் தாழ்த்தி, "அறிக்கையில சீனாக்காரன் எவனோ நுழைஞ்சுட்டான்னு போட்டுடுங்க சார். அவன் ஒண்ணும் வந்து இல்லைன்னு சொல்லப் போறதில்ல" என்றார்.

சொன்னது

அப்படிப் போட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு மகேஸ்வரியுடையது, அதற்குள் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருடையது. அடுத்த சனிக்கிழமை பதிவேட்டைத் தாளில் எடுத்து அவர் முன்னால் வைத்து, தேதி, நேரம், இணைப்பு என்று வரிசையாகச் சொன்னேன். பெயர் எதையும் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிறவர் இல்லையா, மூன்றாவது வரியிலேயே கூட்டிப் பார்த்துவிட்டார்.

தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். அழவில்லை, அழுதிருந்தால் நானாவது எழுந்து வெளியே போயிருக்கலாம். "அப்பாகிட்ட நான் பேசட்டுமா?" என்று கலியபெருமாள் கேட்டதற்குத் தலையசைத்து மறுத்தார். "நான் போயிட்டா சோறு போட ஆள் இல்லைன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாரு. பாஸ்வேர்டை மாத்தி, ஓடிபி என் போனுக்கு மட்டும் வர்ற மாதிரி வச்சுடுங்க சார். தொறக்கலைன்னா அவருக்கே தெரிஞ்சுடும்" என்றார்.

திறக்காத கணக்கு

அன்றே மாற்றிக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து, மகேஸ்வரி பதினோரு குடும்பங்களுக்கும் தவறு நடந்துவிட்டது என்று எழுதினார். எட்டு இடத்தில் வேறு பெண் பார்த்து முடித்திருந்தார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மற்றவர்களின் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடலாம் என்று கலியபெருமாள் அப்போதுதான் சம்மதித்தார்.

ஐந்தாம் நாள் முற்பகலில் அதற்காக அவர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்துப் பேசியவர், முகம் மாறி, "கம்ப்யூட்டர் சார்கிட்ட கேளுங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு வயதானவர், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட குரலில், நிதானமாக, மிக மரியாதையாகப் பேசினார்: "தம்பிங்களா? எம் பொண்ணு கணக்கு நாலு நாளா தொறக்க மாட்டேங்குதுங்க. தேதி தப்பா இருக்காதுங்க. அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல கடியாரத்தைப் பாத்துக்கிட்டு நின்னவனே நான்தாங்க."

அந்த மாத அறிக்கையில், 'ஊடுருவல் தடுக்கப்பட்டதா' என்ற கட்டத்துக்கு நேராக 'ஆம்' என்று எழுதினேன். தொழில்முறைப்படி அதுதான் சரியான விடை.