நவ்பர் நானாட லொறியும் என்ர கூலியும்

லொறி மூடுற படங்கில ஒட்டின கோதுமை மா வெயிலில சூடேறினா ஒரு வாசம் வரும்... அரைவாசி ரொட்டி, அரைவாசி ரப்பர். திருகோணமலை துறைமுகப் பக்கம் லொறிகள் லோட் ஏத்தக் காத்து நிக்கிற இடத்தில எனக்கு முதல் பழகின வாசம் அதுதான்.

அப்ப நான் ஒரு ட்ரான்ஸ்போர்ட் ஒப்பீஸில கிளார்க். லொறி வச்சிருக்கிற ஆக்கள் எங்களிட்ட பொறுப்பு விடுவினம். ஹயர் எண்டுற வாடகை ஓட்டம் பிடிக்கிறது, டிரைவர் சம்பளம், டீசல், டயர் எல்லாம் நாங்கள் பாக்கிறது. வாற ஹயர் காசில பத்து வீதம் ஒப்பீஸுக்கு.

பிறகு முதலாளி ஒப்பீஸை மூடிட்டு மகனிட்ட கனடாவுக்குப் போயிட்டார். நான் அன்புவழிபுரத்தில வீட்டோட இருந்தனான்.

ஒருநாள் கிண்ணியாவில இருந்து நவ்பர் நானா வந்தார். நாங்கள் அண்ணன் எண்டுறதை அங்க நானா எண்டுவினம். அவர்ட லொறியும் எங்கட ஒப்பீஸாலதான் ஓடினது. அவருக்குக் கட்டார் விசா சரிவந்திட்டுது.

"தங்கச்சி, லொறிய நீங்க பாருங்க. டிரைவர் சிவம் உங்கட சொல்லுக் கேப்பான்."

"பொம்பிளை லொறி பாக்கிறதெண்டா ஆக்கள் சிரிப்பினம் நானா."

"சிரிக்கிறவங்களா வந்து எனக்கு லொறிட லீசிங் தவணை கட்டுற? உங்களுக்கு எவ்வளவு வேணும், அதச் சொல்லுங்க."

எனக்குத் தெரிஞ்சது பத்து வீதம்தான். அதையே சொன்னன். ஓம் எண்டிட்டுப் போயிட்டார்.

கொஞ்ச மாசம் நல்லா ஓடினது.

பிறகு ஒருநாள் கந்தளாய்க்குப் போயிட்டு வந்த சிவம் சாவியை மேசையில வச்சிட்டு, "அக்கா, பிரேக் பிடிக்கப் பிந்துது" எண்டார். கராஜில கேட்டா நாலு நாள் நிக்கோணுமாம். அதே கிழமைதான் கொழும்புக்கு நல்ல சீமெந்து ஹயர் ஒண்டு வந்திருந்தது. அந்த ஹயரில என்ர பத்து வீதம் மட்டும் எங்கட வீட்டு ஒரு மாசச் சாமானுக்குக் காணும்...

லொறியை கராஜில விடச் சொன்னன். ஹயர் வேற ஆளுக்குப் போயிட்டுது.

அண்டு பின்னேரம், நிப்பாட்டின கதை கேட்டு கட்டாரில இருந்து நானாட கோல். "யாரக் கேட்டு நிப்பாட்டின நீ? லீசிங் யாரு கட்டுற?"

அதுவரைக்கும் அவர் என்னை 'நீ' எண்டு கதைச்சதே இல்ல. போனை வச்சிட்டு, குசினிக்குள்ள போய் சோத்தை வடிச்சன். சாப்பிடத்தான் ஏலாமப் போச்சு.

அடுத்தநாள் கராஜில கழட்டின பழைய பிரேக் லைனிங்கை ஒரு பையில போட்டுக்கொண்டு பஸ் ஏறி கிண்ணியாவுக்குப் போனன். நானாட மனுசி பரீதா கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்தா. நான் பையைத் திறந்து காட்டினன். தேஞ்சு, இரும்பு தெரிஞ்சது. அவ தொட்டுப் பாத்திட்டு, மனுசனுக்கு கோல் எடுத்து ஸ்பீக்கரில போட்டா.

"நானா, எனக்கு இனிப் பத்து வீதம் வேணாம்" எண்டன். "ஓடினாத்தான் காசு எண்டா, பிரேக் இல்லாத லொறியையும் ஓட்டச் சொல்லித்தான் மனம் சொல்லும். எனக்கும் நேற்று அப்பிடித்தான் சொன்னது. மாசம் ஒரு தொகை தாங்க. ஓடினாலும் நிண்டாலும் அதுதான்."

ஸ்பீக்கரில நானாட குரல் வந்தது.

"அப்ப நீங்க வீட்ட படுத்துக் கிடந்தாலும் நான் தரோணுமே?"

'நீங்க' திரும்பி வந்திட்டுது. அது எனக்கு விளங்கினது. ஆனா கேட்ட கேள்வியும் ஞாயம்தானே.

பரீதாதான் கேட்டா. "சிவத்துக்கு எப்பிடிக் குடுக்கிற?"

"சம்பளம் கொஞ்சம், ட்ரிப்புக்குக் கொஞ்சம்" எண்டன் நான்.

அவ போனைப் பாத்து, "அப்ப இவங்களுக்கும் அப்பிடியே குடுங்களன். இதுக்கு ஏன் ரெண்டு பேரும் சண்ட பிடிக்கிற?"

அவ்வளவுதான். மாசத்துக்கு ஒரு சின்னத் தொகை, முடிச்ச ட்ரிப்புக்குக் கொஞ்சம். பிரேக், டயர் எண்டா நான் கேக்காமலே நிப்பாட்டலாம். மற்ற பெரிய வேலைக்குக் கேக்கோணும். நல்லா ஓடுற மாசத்தில எனக்குப் பத்து வீதத்தை விடக் குறையத்தான் வரும். பரவாயில்ல. நிம்மதியா நித்திரை வந்தது.

பிறகு நாட்டில டீசல் தட்டுப்பாடாகி, லைனில நிண்ட காலம் வந்தது. உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்... லொறி பெற்றோல் ஷெட்டுக்கு வெளியில நாள் கணக்கா நிண்டது. நானும் சிவமும் மாறி மாறிக் காவல். ட்ரிப்பே இல்ல. கட்டாரில நானாவுக்கும் சம்பளம் இழுபறி எண்டு கேள்விப்பட்டன். "இந்த மாசம் பாதி போதும் நானா" எண்டு வொயிஸ் அனுப்பினன்.

முழுத் தொகையும் வந்தது. பின்னால ஒரு வொயிஸ்: "லைன்ல நிண்டது நீங்கதானே தங்கச்சி? அதுவும் லொறி பாக்கிறதுதான். ட்ரிப் காசு மட்டும்தான் இந்த மாசம் இல்ல, சரியா?"

சிரிச்சிட்டன்.

நானா ஊருக்கே திரும்பி வந்து, இப்ப தானே ஓட்டுறார். லொறி என்ர கையை விட்டுப் போன அண்டு கணக்கு முடிக்கப் பத்து நிமிஷம்கூடப் போகேல்ல. தன்ர மச்சான்ட ரெண்டு லொறியை என்னட்ட அனுப்பினதும் அவர்தான்.

இப்ப நான் ஒன்பது லொறி பாக்கிறன். எது எங்க நிக்குது எண்டு போனே காட்டும். லண்டனில இருக்கிற ஓனர் ஒருத்தர், "ஏன் லொறி புல்மோட்டை ரோட்டில அரை மணித்தியாலமா நிக்குது?" எண்டு மெசேஜ் போடுவார். "டிரைவர் சாப்பிடுறார்" எண்டு போடுவன். புதுசா வாற ஆக்கள் முதல் கேக்கிறது "எத்தனை பேர்சன்ட்?" எண்டுதான். என்ர முறையைச் சொல்லுவன். சிலர் வருவினம், சிலர் வேற ஆளைப் பாப்பினம்.

வேலை லேசாத்தான் போச்சு. கூலி பேசி முடிக்க ரெண்டு மெசேஜ் காணும்... ஒருத்தரும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதிரை தாறேல்ல. கன ஓனர்மார்ட முகம் எனக்குத் தெரியாது. என்ர முகமும் அவையளுக்குத் தெரியாது.

காசு மட்டும் திகதிக்கு வந்திடுது.