நெவிலின் தும்மல்

தாடி ஓணானைச் சட்டையில் தொற்ற வைத்துக்கொண்டுதான் நெவில் பல் தேய்ப்பார். நுரை தெறித்தால் அது ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்ளும். சவரம் முடிந்து முகத்தைத் துடைத்தபடி, "என்னய்யா பிஷப், எனக்கு வழிச்சாச்சு, உனக்கு எப்போ?" என்று கேட்பார். பிஷப் என்பது ஓணானின் பெயர். பதிலுக்குத் தாடையடியில் இருக்கும் முள்தோலை ஒருமுறை உப்பிக் காட்டும். கோபம் வந்தால் அந்தத் தாடி கரியாகக் கறுத்துவிடும். நெவிலைப் பார்த்து அது கறுத்ததில்லை.

எழுபதை நெருங்குகிறவர். ஆஸ்திரேலியாவின் வாரிகோ ஆற்றோரத்துச் சிற்றூரில் மண்சாலைகளைச் சமன் செய்யும் இயந்திரத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். வெயில் ஏறும் நேரத்தில் ஓணான்கள் நடுச்சாலையில் வந்து படுத்துக் காயும். ஒவ்வொன்றுக்கும் இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, அள்ளியெடுத்து வேலியோரம் விட்டுவிட்டுத்தான் மேலே போவார். "ரோடு போடச் சொன்னா பல்லி மேய்க்கிறான்" என்று மேற்பார்வையாளர் திட்டியது ஊரெல்லாம் பரவி, பல்லி மேய்ப்பன் என்பதே பல காலம் அவர் பெயராக இருந்தது. பிஷப் சாலையில் கிடைத்ததல்ல. காட்டிலிருந்து எடுத்து வளர்க்கச் சட்டம் விடாது. உரிமம் வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் பொரித்த குஞ்சு.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரு சுவர் முழுக்க மலைப்பாம்புகள். எதிர்ச்சுவரில் தனியாக, பூட்டுப் போட்ட பெட்டியில் பழுப்பன். அந்தப் பக்கத்துப் பழுப்புப் பாம்பைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். சாட்டை போன்ற உடம்பு. அது கடித்த இடம் முள் கீறியது போலத்தான் தெரியும். கடிபட்டவன் வாசல்வரை நடந்து சேருவது நிச்சயமில்லை.

கொட்டகைக்கு நெவில் வைத்த சட்டம் ஒன்றுதான். பழுப்பன் பெட்டிக்கு வெளியே இருக்கும்வரை யாருக்காகவும் கதவு திறக்கக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு.

அவர் மனைவி கோரலி எந்தப் பாம்பையும் தொட்டதில்லை. ஆனால் ஞாயிறு காலை பெட்டிகளைச் சுத்தம் செய்யும்போது கதவோரம் பால்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கையில் பின்னல் இருக்கும், கண் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். "வால் நழுவுது." "மூடி சரியா உக்காரல." "என்னைப் பாக்காதீங்க, அதைப் பாருங்க." போன மாதம் கோரலி இறந்துபோனாள். அடக்கம் முடிந்த ஞாயிறன்றும் நெவில் கொட்டகைக்குள் போனார். தனியாக.

மகள் டெலியா பிரிஸ்பேனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவள், அடக்கம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. வந்ததிலிருந்து அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஒழுகும் குழாயைப் பிரித்து மாட்டினாள், துணி துவைக்கும் இயந்திரத்தின் சத்தத்தைச் சரி செய்தாள். அப்படியே அப்பாவின் தும்மலையும் கவனித்தாள். கொட்டகைக்குப் போய்வந்தால் அவருக்குக் கண் சிவந்துவிடும், மூக்கு ஒழுகும், புறங்கையில் தடிப்புத் தடிப்பாக எழும்பும். ஒரு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கிவிட்டு, "வாட்டில் மரம் பூத்திருச்சுல்ல, அந்த மகரந்தம்தான்" என்பார்.

"வாட்டில் இல்லப்பா" என்றாள் ஒரு சனிக்கிழமை.

மெர்வும் அப்போது இருந்தார். நெவிலின் பழைய சிநேகிதர், அவரும் பாம்பு வளர்ப்பவர். இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"பின்ன என்னவாம்?" என்றார் நெவில்.

"பழுப்பன். பெட்டிய வழிக்கிறப்ப தூசி பறக்குதுல்ல. உரிச்ச தோலு, காஞ்ச விஷம், எல்லாம் அதுல இருக்கும். இத்தனை வருஷமா அதைத்தான் மூச்சுல இழுத்திருக்கீங்க. உடம்பு அதை எதிரியா எடுத்துக்கிச்சு. இனிமே ஒரு கடி பட்டா, விஷம் வேலையைக் காட்டுறதுக்கு முன்னாடி மூச்சு அடைச்சிரும்."

"என்கிட்ட குடுத்துருடா அவன" என்றார் மெர்வ். "எனக்குத் தும்மல் கிடையாது. குறட்டை மட்டுந்தான்."

"உன் பொண்டாட்டியே உன்கூட இருக்க முடியாம தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. பாம்பு இருக்குமா?"

மெர்வ் குலுங்கிச் சிரித்தார். டெலியா சிரிக்கவில்லை.

"அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நாள் முழுக்க அந்த முற்றத்துல வாட்டில் மரத்தடியிலதான் உக்காந்திருந்தீங்க. சட்டையெல்லாம் மஞ்சத் தூள். ஒரு தும்மல் வரல. கொட்டகைய அப்ப மெர்வ் மாமா பாத்துக்கிட்டாரு."

நெவில் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அது தும்முற நேரமாம்மா?" என்றார்.

மெர்வின் பிஸ்கட் ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"இன்னொரு அடக்கத்துக்கு எனக்கு லீவு இல்லப்பா" என்றாள் டெலியா.

மறுநாள் காலை அவர் கொக்கிக் கம்பியை எடுத்தபோது அவளும் பின்னால் வந்தாள். கேட்காமலே உள்ளே நுழைந்து, தாழ்ப்பாளைப் போட்டு, கதவோரப் பால்கூடையில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"வாட்டில் இல்லேன்னு நீதான சொன்ன. அதான் போடல. யார் சொன்னது சரின்னு பாத்துருவோம்."

மலைப்பாம்புகள் முடியும்வரை ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் கழுத்தில் துண்டு போட்டுக்கொள்வது போல் போட்டுக்கொண்டு பெட்டியைத் துடைத்தார். டெலியாவை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பழுப்பனின் பூட்டைத் திறந்தார்.

கம்பியால் அதைத் தூக்கி, பக்கத்தில் தயாராக இருந்த மூடிபோட்ட தொட்டிக்குள் இறக்கினார். பெட்டியில் கிடந்த பழைய மரத்தூளையும் உரித்த தோலையும் வழித்து வாளியில் கொட்டினார். வெளிச்சத்தில் தூசி எழுந்தது. முதல் தும்மல் வந்தது. அடுத்தடுத்து வந்தன. சட்டைக் கையால் கண்ணைத் தேய்த்தார்.

"போதும்பா. வெளிய வாங்க."

"அவன உள்ள விட்டுட்டு வரேன்."

தொட்டியின் மூடியைத் திறந்து கம்பியை விட்டார். பாதித் தூரம் தூக்கியிருப்பார், ஒரு தும்மல் உடம்பை உலுக்கியது. பழுப்பன் கம்பியிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

டெலியா எழுந்துவிட்டாள். கை தாழ்ப்பாளில் இருந்தது.

"தொறக்காத" என்றார் நெவில். குரல் கரகரத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் குதிக்கிற சத்தம், ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிடுகிற சத்தம். "எங்க இருக்கான்?"

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். இமைகள் வீங்கி இரண்டு கோடுகளாகியிருந்தன. மேலுதடு தடித்திருந்தது. அவருக்குக் கண் தெரியவில்லை.

அவள் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்தாள்.

"இடது பக்கம். சுவரோரமா. தலை வாளிப் பக்கம்."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு எட்டு. நகருது. நீங்க அசையாதீங்க."

நெவில் அசையவில்லை. தொட்டி காலடியில்தான் இருந்தது. குனியாமல், கம்பியின் நுனியால் அதை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தார். வாய் சுவரைப் பார்த்து இருந்தது. இருட்டான பொந்தைக் கண்டால் பாம்பு அதைத்தான் தேடும். அதற்கு வேண்டியது வழிதான், சண்டை அல்ல. இதை அவர் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது எப்படி என்று மட்டும் சொன்னதில்லை.

அவர் மூச்சு சீழ்க்கை அடித்தது. உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம், வெளியே விடும்போது வேறொரு சத்தம்.

"உங்க பூட்ஸுக்கு வருது" என்றாள் டெலியா. தன் குரல் இவ்வளவு தட்டையாக வரும் என்று அவளுக்குத் தெரியாது. "வலது கால்."

அவருக்கு இருமல் வந்தது. தொண்டையில் அது முட்டுவதை அவள் பார்த்தாள். அவர் பல்லைக் கடித்து அதை விழுங்கினார். கழுத்து நரம்புகள் புடைத்தன. பழுப்பன் பூட்ஸின் மேல் ஏறியது. தலையைக் கொஞ்சம் தூக்கி, நாக்கை நீட்டி, அங்கேயே நின்றது. வெளியே ஒரு பிள்ளை கீழே விழுந்து அழ ஆரம்பித்தது. டெலியா திரும்பிப் பார்க்கவில்லை. பாம்பை மட்டும் பார்த்தாள்.

"இறங்கிருச்சு. தொட்டிய மோந்து பாக்குது."

நெவில் இடது கையிலிருந்த மூடியை விளிம்போடு பிடித்துக்கொண்டார்.

"தலை உள்ள. பாதி உள்ள. வால் மட்டும் வெளிய. இருங்க."

வாலும் உள்ளே போனது.

"இப்ப."

கண் தெரியாமலே தொட்டியை நிமிர்த்தினார், மூடியை அழுத்தினார். இரண்டு பக்கத்துப் பிடிகளும் விழுந்த சத்தம் கேட்டது. கை விட்டுத் தடவி, இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். அதன் பிறகுதான் சுவரில் சாய்ந்தார்.

டெலியா தாழ்ப்பாளைத் தட்டிக் கதவை விரியத் திறந்தாள். அவர் அக்குளில் தோளைக் கொடுத்து வெளியே கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி அதே தெருவின் கோடியில்தான். ஆம்புலன்ஸ் கிளம்பி வருவதற்குள் போய்விடலாம்.

"மெர்வ்" என்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "வரச் சொல்லு. தொட்டியோட எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"பேசாதீங்க. கூப்பிடுறேன்."

பிக்கப் வண்டியின் சாவியைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். கையால் வண்டியைத் தடவித் தடவி மறுபக்கம் போய், கதவைத் திறந்து ஏறினார். கோரலி குட்டையானவள். அவள் எப்போதும் உட்கார்ந்த அந்த இருக்கை அவளுக்காக முன்னே இழுத்துப் போட்டபடியே இருந்தது. நெவிலின் முழங்கால்கள் முன்பலகையில் இடித்தன.

டெலியா வண்டியைக் கிளப்பினாள். "சீட்டைப் பின்னால தள்ளிக்கிங்கப்பா. மூச்சு விடத் தோதா இருக்கும்."

பிடி அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. கை அங்கே போய், அதன் மேல் கொஞ்சம் இருந்து, திரும்பி மடியில் வந்து விழுந்தது. முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து ஒருபக்கமாகச் சாய்த்து, அந்தச் சின்ன இடத்துக்குள் தன்னை அடக்கிக்கொண்டார்.