முழங்கையைத் தொடும் குரங்கு

யாங்கூனுக்கு வெளியே ஒரு விலங்குப் பூங்கா. லுங்கி கட்டிய ஒராங்குட்டான் மனிதக்குரங்கு மேடையில் குத்துச்சண்டை போட்டு முடிக்கிறது. நான் வாழைப்பழத்தை நீட்டுகிறேன். பெரியவர்களிடம் எதையும் வாங்கும் பர்மியப் பிள்ளைகளைப் போலவே, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி பணிவாக வாங்குகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

“இது இந்த ஊர் மிருகமில்லையே?” என்கிறேன், பழம் விற்ற பர்மியத் தமிழ்ப் பெண் மா செல்வியிடம்.

“இல்லண்ணே. எங்கியோ தாயைச் சுட்டுட்டு, குட்டியை மீன் பெட்டியில ஒளிச்சுக் கொண்டாந்தாங்களாம்.”

“இந்த மரியாதையை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?”

பதிலுக்கு, அதன் முழங்கைத் தழும்பைச் சுட்டிக்காட்டத் தன் கையைத் தூக்குகிறாள். அடி விழப்போவதாக நினைத்து, பழத்தைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு நிற்கும் அது சட்டென்று மறுபடியும் முழங்கையைத் தொட்டுக்கொள்கிறது.