பூட்ஸ் அடுக்குவது யார்?

ஒரு காலத்தில் நான் கால்பந்து கிளப்பில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் காலைத்தான் பார்க்கிறார்கள். நான் பந்து உதைக்கவில்லை. துவைத்தேன். பதினாலு பேருடைய ஜெர்சியையும் துவைத்துக் காயவைத்தேன். மேட்ச் நாளில் பதினாலு பேருக்கும் சோறாக்கினேன். அதில் நாலு பேர் கேரளத்துப் பையன்கள். மீன் இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. காரிமங்கலம் சந்தையில் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்தால், "சேச்சி, இது செத்துப்போன மீன்" என்பார்கள். "அப்ப உசுரோடவா சாமி கொழம்பு வெப்பாங்க?" என்று கேட்பேன். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு.

எழுதப் படிக்கத் தெரியாதவள் நான். சொல்லச் சொல்ல என் பெரிய மகள் எழுதிக்கொள்கிறாள். என் பேச்சைத் திருத்தி எழுதுகிறாள் என்று தெரியும். நடந்ததைத் திருத்தாமல் இருந்தால் போதும்.

காரிமங்கலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவில், பஸ் ரோட்டை ஒட்டி ஒரு நூல் மில் இருந்தது. அதன் முதலாளிக்குப் பந்தாட்டப் பைத்தியம். மாதச் சம்பளம் கொடுத்து ஆட்களைக் கூட்டிவந்து கிளப் வைத்திருந்தார். எண்பத்தைந்து வாக்கில் டீம் வரிசையாகத் தோற்றது. கோச்சை அனுப்பிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவரோ பெங்களூரில் ஏதோ பாக்டரியில் இருந்த ஒருவரை மேனேஜராகக் கூட்டிவந்தார்.

அந்த மனிதர் பந்து போகிற வழியைப் பார்க்கவே மாட்டார். வேலை போகிற வழியைத்தான் பார்ப்பார். கையில் கடிகாரம், நோட்டுப் புத்தகம். நான் ஜெர்சியை ஊறவைத்தால் பின்னால் நிற்பார். கொடியில் போட்டால் அங்கேயும் நிற்பார். "இது ஆனமேல என்னம்மா? அதுக்கு அப்புறம் யார் கையிக்கு போகுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். டீம் தோற்பதற்குக் காரணம் மைதானத்துக்குள் இல்லை, வெளியே இருக்கிறது என்பது அவர் கணக்கு. பந்துக்குக் காற்று அடிக்க ஒருத்தர் இன்னொருத்தருக்காகக் காத்திருக்கிறார், ஜெர்சிக்காக ஆட்டக்காரர் காத்திருக்கிறார், இப்படிக் காத்துக் காத்தே எல்லோரும் களைத்துப்போய் இறங்குகிறார்கள் என்பார். யோசித்தால் அது உண்மைதான்.

இப்படி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வரும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"பூட்ஸ் அடுக்கறது யாரு?"

மேட்ச் முடிந்ததும் பதினாலு ஜோடி பூட்ஸையும் ஒரு கோணிச் சாக்கில் போட்டு ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டுவோம். அடுத்த மேட்ச் அன்று உச்சி வேளையில் நான் ஜெர்சி மாட்டப் போவேன். அதற்குள் பூட்ஸெல்லாம் சேறு சுரண்டி, லேஸ் தளர்த்தி, அவரவர் கொக்கிக்குக் கீழே அடுக்கியிருக்கும். ஒவ்வொரு ஜோடியின் மூக்கும் வாசலைப் பார்த்தபடி இருக்கும்.

நான் கிரவுண்டுக்காரரைக் கைகாட்டினேன். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் அவர். ஸ்டோர் ரூமுக்கு ஒரே சாவி. காலையில் என்னிடம் வாங்கிப்போய்ச் சுண்ணாம்பும் வலையும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். அவர்தான் அடுக்குகிறார் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன்.

"நானா?" என்றார் அவர். "ஏந் தங்கச்சி, நீதான செய்யற? நம்ம புள்ள எவ்ளோ சுத்தமா வெச்சிருக்குதுன்னு எங்க வூட்ல கூட சொல்லியிருக்கறேன்."

"ஐயோ, நான் தொட்டதே இல்லீங்கண்ணா!"

கோச்சைக் கேட்டால் எங்கள் இருவரையும் காட்டினார். ஆட்டக்காரர்கள் கோச்சைக் காட்டினார்கள். கைகள் எல்லாம் சுற்றிச்சுற்றி நீண்டனவே தவிர, ஒரு கைகூட நெஞ்சைத் தொட்டு நான் என்று சொல்லவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கிரவுண்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு நின்றுபோனது.

மேனேஜர் மட்டும் அசரவில்லை. அடுத்த மேட்ச் அன்று, கிரவுண்டுக்காரர் சுண்ணாம்பு எடுத்ததும், உள்ளே சாக்கு வாய்கட்டிக் கிடப்பதை எங்களுக்குக் காட்டிவிட்டுத் தன் கையாலேயே பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் இல்லாத அறை அது. மேலே கம்பி போட்ட காற்றோட்டி மட்டும் உண்டு, பூனை நுழையலாம். நல்ல சித்திரை வெயில். மைதானத்தில் ஒரு சூறைக்காற்று எழும்பி, கோல் போஸ்ட் வரைக்கும் போய், அங்கேயே நின்று நின்று சுழன்றது. நான் கொடியடியில் ஜெர்சியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து சர்ர் சர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. கயிறு துளைக்குள் இழுபடுகிற சத்தம். மேனேஜருக்கும் கேட்டது, தலை திரும்பியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. உச்சிக்கு மில் சங்கு ஊதியது. கதவைத் திறந்தார்.

பதினாலு ஜோடியும் வாசலைப் பார்த்து அடுக்கியிருந்தது. சாக்கு மடித்து ஓரமாக வைத்திருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனோ மிஸ்டேக் இதே" என்று, எங்கேயோ தப்பு இருக்கிறது என்கிற மாதிரி கன்னடத்தில் முணுமுணுத்தார். பிறகு நோட்டில் என்னவோ எழுதினார். அவர் எழுதியதைக் கிரவுண்டுக்காரர் எட்டிப் பார்த்து வந்து எனக்குச் சொன்னார்: "வேலை நடக்கிறது. செய்பவர் தெரியவில்லை."

அந்த வாரமே பெரிய காக்கித் தாளில் சார்ட்டு ஒன்று வரைந்து சுவரில் ஒட்டினார். வேலைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. என்னைப் போன்றவர்களுக்காகப் படமும் போட்டிருந்தார். வாளி போட்டிருந்தால் துவைப்பது, பானை போட்டிருந்தால் சமையல். பூட்ஸ் படத்தை நான் இரண்டு கத்திரிக்காய் என்றுதான் நினைத்தேன். அவரவர் வேலைக்குப் பக்கத்தில் அவரவர் கையெழுத்தோ அடையாளமோ போட வேண்டும். யாருக்கு ஒரு கட்டம்கூட இல்லையோ அவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை இல்லை. இதைச் சொல்லிவிட்டு ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலை போனால் கல்லு உடைக்கத்தான் போக வேண்டும். அதனால் எல்லோரும் போன பிறகு பயந்து பயந்து சார்ட்டைப் பார்த்தேன். பார்த்தால், வாளிக்குப் பக்கத்திலும் பானைக்குப் பக்கத்திலும் சிவப்புப் பென்சிலில் என் அடையாளம்!

என் அடையாளம் என்றால் சிலுவை. எனக்குக் கல்யாணம் ஆனபோது கோயில் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தெரியாது என்றேன். "சிலுவை போடும்மா, அது போதும்" என்றார் சாமியார். அன்றிலிருந்து எங்கே பென்சில் கொடுத்தாலும் சிலுவைதான். இந்தச் சிலுவைகள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. பெங்களூர்க்காரருக்கு நேராகப் போட வரவில்லைபோல என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்காமலே எனக்காகப் போட்டிருக்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர்! சந்தோஷத்தில் பேராசை வந்துவிட்டது. கத்திரிக்காய்க் கட்டத்துக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்தது. எதற்கும் மூன்று வேலையாக இருக்கட்டும் என்று அங்கே நானும் ஒரு சிலுவை போட்டேன். அவருடையதைப் பார்த்து, அதே மாதிரி கொஞ்சம் சாய்த்து.

மறுநாள் கிரவுண்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடி என் தங்கச்சி! அது சிலுவையில்ல, பெருக்கல் குறி. இந்த வேல வேணாம்னு அடிச்சிருக்காரு. துணியெல்லாம் தருமபுரி லாண்டரிக்குப் போவுது. சோறு மில் ஹாஸ்டல்லருந்து வருது. நீ என்னமோ கல்யாணத்துக்கு மொய் எழுதுன மாதிரி குதிக்கற!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய தாளைக் கிழித்துவிட்டு மேனேஜர் புதுத் தாள் ஒட்டியிருந்தார். வாளி இல்லை, பானை இல்லை. கத்திரிக்காயும் இல்லை, அது பூட்ஸ் என்று கிரவுண்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. யாரோ அந்த வேலையையும் அடித்திருக்கிறார்கள் என்று அதையும் விட்டுவிட்டார். என் மூன்று கட்டமும் போனது, கடைசிக் கட்டம் என் கையாலேயே. அன்று நான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு நான் சாப்பிடவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை. செய்யாத வேலைக்கு ஏன் அடையாளம் போட்டாய் என்று கேட்டால்?

மாதம் முடிய ஒரு மேட்ச்தான் பாக்கி. வெளியூர் டீம் வந்திருந்தது, முதலாளியும் வந்திருந்தார். உச்சிச் சங்கு ஊதியதும் ஸ்டோர் ரூமைத் திறந்தேன்.

சாக்கு கட்டினபடியே கிடந்தது.

மூன்று வருடத்தில் அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை. அடுக்கியிருந்ததைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு நடுக்கம் வரவில்லை. தாளில் இல்லாத வேலையை அது விட்டுவிட்டது. அப்படியென்றால் அதுவும் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறது. எங்களோடு எங்களாக நின்று, எட்டிப் பார்த்து.

நான் சாக்கைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். மூன்று மணிக்கு ஆட்டக்காரர்கள் வந்து சாக்கைக் கவிழ்த்தார்கள். சேறு கல்லாக இறுகியிருந்தது. லேஸெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தது. "என்டம்மே, இது எந்தா?" என்று ஒரு கேரளத்துப் பையன் கத்தினான். ஒருத்தன் பூட்ஸை இன்னொருத்தன் போட்டு இழுத்தான். வெளியே ரெஃப்ரி விசில் ஊதிக் கூப்பிட்டார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, உள்ளே போய் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பாவாடை நாடா முடிச்சை எத்தனை அவிழ்த்திருப்பேன் பிள்ளைகளுக்கு! பல்லாலும் நகத்தாலும் அவிழ்த்தேன், கரண்டிக் காம்பால் சேற்றைச் சுரண்டினேன், ஜோடி ஜோடியாகத் தள்ளினேன். யாருக்கு எது என்று எனக்குத் தெரியும். எழுத்து தெரியாவிட்டால் என்ன, கால் தெரியுமே. டீம் இறங்கிவிட்டது. அன்றும் தோற்றார்கள், அது வேறு.

மேனேஜர் என் எதிரில் வந்து குந்தினார். "இந்த வேல யாரும்மா வேணாம்னு அடிச்சது?"

"நாந்தாங்க ஐயா. ஆனா அடிக்கலீங்க. கையெழுத்துப் போட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துச் சார்ட்டில் பூட்ஸ் படத்தைத் திரும்பப் போட்டார். "இப்ப போடு. நேரா போடு" என்றார். நேராகப் போட்டேன். மறுபடி குழப்பம் வரக்கூடாதென்று அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அவ்வளவுதான், என் வேலை நிலைத்தது!

அடுத்த மேட்ச் அன்று வெயில் ஏறும்போதே போய்க் கதவைத் திறந்து, உள்ளே தனியாக உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தேன். நாலு ஜோடி முடித்திருப்பேன். முதுகுக்குப் பின்னால் சர்ர் என்று லேஸ் இழுபட்டது. திரும்பவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து பேசிவிட்டேன்.

"இங்க பாருங்க, யாரா இருந்தாலும் சரி. இது இப்ப என் வேல. தாள்ல இருக்குது, என் சிலுவ இருக்குது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க."

சத்தம் நின்றது. அப்படியொரு அமைதி, என் மூச்சே எனக்கு இரைச்சலாகக் கேட்டது. நான் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் மனசு கேட்கவில்லை. மேனேஜர் வந்த நாளிலிருந்து எனக்கு வேலை போய்விடுமே என்று தவித்தேன் அல்லவா? மூன்று வருடமாக ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் செய்துவந்ததை, இப்போது நான் ஒரே பேச்சில் துரத்திவிட்டேன்.

கடைசி ஜோடியைச் சாக்கிலேயே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஜெர்சி மூட்டை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். லாண்டரிக்காரன் எப்போதும் தாமதம்தான். சங்கு ஊதியபின் திரும்பி வந்தேன். மேனேஜர் நோட்டோடு உள்ளே நின்று எண்ணிக்கொண்டிருந்தார். சாக்கு மடித்து ஓரமாக இருந்தது, நான் விட்டுப்போன ஜோடி வாசலருகே அடுக்கியிருந்தது.

"பதினாலும் நீயே அடுக்கினதா?"

"ஆமாங்க ஐயா" என்றேன்.

அவர் என்னையும் அந்தக் கடைசி ஜோடியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்தப் பதினாலாவது ஜோடியைத் தாண்டாமல், சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.