கட்டைவிரல் இல்லாத கைக்கு ஒரு கட்டை

வெல்டா ருன்யனின் வலது கட்டைவிரல் கயிற்றில் போனது. எங்கள் மொன்டானாப் பக்கம் இது யாரும் கேள்விப்படாத விபத்து இல்லை. குதிரைமேல் இருந்தபடி மாட்டுக்குக் கயிறு வீசுகிறோம். சுருக்கு விழுந்ததும் கையில் இருக்கும் கயிற்றைச் சேணத்தின் குமிழில் சுற்றவேண்டும். சுற்றும்போது விரல் இடையில் அகப்பட்டுக்கொண்டால், மாடு இழுக்கிற இழுப்புக்கு விரல் தாங்காது. மருத்துவமனையில் மயக்கம் தெளிந்ததும் வெல்டா கேட்ட முதல் கேள்வி, “மாடு விழுந்துச்சா இல்லையா?”

விழுந்திருந்தது. எங்களில் யாரும் அதைச் சத்தமாகக் கொண்டாடவில்லை.

நான் அவளுக்கு அடுத்த பண்ணைக்காரி, நெட்டி. அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் போய்வந்துதான் என் பிள்ளைகள் இருவரும் படித்து முடித்தார்கள். கட்டைவிரல் போன குளிர்காலத்தில், ஸ்டியரிங்கைப் பிடிக்க அவள் சீக்கிரமே பழகிவிட்டாள். சட்டைப் பொத்தான் போடவும் பழகினாள். பழகாமல் போனது துப்பாக்கி ஒன்றுதான். ஆட்டுக்குட்டிகளைத் தூக்க வரும் நரிகளைச் சின்ன வயதிலிருந்தே சுட்டு வளர்ந்தவள் அவள். இப்போது அதே பழைய துப்பாக்கியை எடுத்தால், யாரோ ஒருவருடைய காலணியை மாட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது என்றாள்.

அவள் தம்பி ஆரின் ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். பேச்சு குறைவு, வேலை சுத்தம். “வெல், உனக்குப் புதுசா ஒண்ணு கட்டித் தர்றேன். தூரத்துக்குச் சுடுறது. வசந்தகாலப் போட்டிக்கு வா” என்றான். குழல் வந்தது. இயந்திரப் பகுதி, விசை, தொலைநோக்கி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இவற்றையெல்லாம் தாங்கிப் பிடிக்கும் கட்டை மட்டும்தான் பாக்கி. தோளில் பதிவதும், கன்னம் சாய்வதும், கை பற்றுவதும் அந்தக் கட்டையில்தான். துப்பாக்கியில் மனித உடம்பு தொடுகிற இடம் கிட்டத்தட்ட அது ஒன்றுதான்.

ஆரின் அவளிடம் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டான். வருஷக்கணக்கில் கடைப் பரணில் காயவைத்திருந்த வாதுமை மரத்துண்டு ஒன்றை இறக்கினான். தேன் நிறத்தில் கறுப்பு ரேகை ஓடும் மரம். செதுக்கி, எண்ணெய் தேய்த்து, கைப்பிடியில் கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தை மட்டும் வழவழவென்று மூடி, அவள் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். வெல்டா அதை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு துப்பாக்கியை அதில் பூட்டச்சொல்லி, தரையில் படுத்து, கண்ணை மூடித் தோளில் வைத்தாள். கன்னம் சாய்த்தபின் கண்ணைத் திறந்தாள். தொலைநோக்கியில் பாதி வட்டம் கறுப்பு. கழுத்தைத் தூக்கினால்தான் முழுசாகத் தெரிந்தது. கைப்பிடி பின்னோக்கிச் சரிந்த பழைய மாதிரி. கட்டைவிரல் வளைத்துப் பிடிக்காததால் உள்ளங்கை கீழே வழுக்கியது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“ஆரின், இவ்வளவு அழகா யாரும் எனக்கு எதுவும் செஞ்சு தந்ததில்ல. ஆனா இது எனக்கு வேணாம்.”

“பழகிடும், வெல்.”

“பழகிடும்தான். நான் பழக வேணாம்னு பாக்குறேன். அது எனக்குப் பழகட்டும்.”

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கேக்கைக்கூடத் தொடாமல் போய்விட்டான்.

நான் அவளைத் திட்டினேன். “கொஞ்ச நாள் வெச்சுக்கிட்டு அப்புறம் சொல்லக்கூடாதா?”

“அப்புறம் சொன்னா ரெண்டு தடவை வலிக்கும், நெட்டி.”

அடுத்த சில ஞாயிறுகளில் அவள் செய்ததை எங்கள் ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. போட்டிக்காரர்கள் பயிற்சிக்குக் கூடும் மேட்டுக்குப் போய், ஒவ்வொருவரிடமும், “தள்ளு, உன் துப்பாக்கிக்குப் பின்னால கொஞ்சம் படுத்துப் பாக்குறேன்” என்று கேட்டாள். தோட்டாவெல்லாம் வேண்டாம், காலியாக இருந்தால் போதும் என்பாள்.

அவர்களில் ஒருவனான டார்வின் கெஸ்லர் தன் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “என் வண்டியக் கேளு, என் நாயக் கேளு, தரேன். இத மட்டும் கேக்காத.”

“உன் நாயக் கேட்டா அதுவே என்னோட வந்துரும், டார்வின். தள்ளுடா.”

தள்ளினான். அவனுடையது மரக்கட்டை இல்லை, அலுமினியச் சட்டம். எல்லாப் பக்கமும் திருகாணி. நீட்டலாம், குறுக்கலாம், கன்னப்பலகையை ஏற்றலாம், இறக்கலாம். அந்த வருஷம் ஜெயிக்கிறவர்கள் பாதிப்பேர் கையில் அதுதான். வெல்டா எல்லாவற்றையும் தன் அளவுக்கு மாற்றிப் படுத்தாள். கண் திறந்ததும் முழு வட்டம். ஆனால் கைப்பிடி கைத்துப்பாக்கிப் பிடிபோல மெலிந்து உருண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நிறுத்த விரல் இல்லாமல் அவள் கை அதில் சுழன்றது. போதாக்குறைக்கு அன்று காற்று பனியை வாரிக்கொண்டு வந்தது. “மார்ச் மாசக் குளிர்ல இந்த உலோகத்துல கன்னத்த வெச்சா ஒட்டிக்கும், தோலை இங்கேயே விட்டுட்டுப் போகணும்” என்று எழுந்துகொண்டாள்.

“இடது கைக்கு மாறிடேன்” என்றான் அவன்.

“என் இடது கண்ணு தபால்பெட்டியையே ரெண்டாக் காட்டுது.”

ஒட்டுப்பலகைக் கட்டை பார்த்தாள். பிடித்தது, ஆனால் கைப்பிடி சரிவு. கடைசியில் மேட்டின் ஓரத்தில், யாரோ புதிது வாங்கியதால் விற்கவைத்திருந்த கண்ணாடியிழைக் கட்டை ஒன்று கிடைத்தது. சோளக்கஞ்சி நிறம். கனமோ கனம். கைப்பிடி ஏறக்குறைய நேராக நின்றது, பக்கங்கள் தட்டையாக, தடிமனாக இருந்தன. அது அவள் உள்ளங்கையை நிரப்பியது. கட்டைவிரலின் மிச்சக் கணு மேலே இருந்த சின்ன மேடையில் போய் உட்கார்ந்தது. படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

“தூங்கிட்டியா?” என்றேன்.

“வீட்டுக்கு வந்துட்டேன்” என்றாள்.

ஆனால் அது உயரமான ஆளுக்குச் செய்தது. பின்பக்கத்தை அறுக்கவேண்டும், கன்னம் சாயும் இடத்தை உயர்த்தவேண்டும், இயந்திரப் பகுதி மயிரிழையும் அசையாமல் உட்கார உள்ளே பிசின் ஊற்றிப் பதிக்கவேண்டும். இதைச் செய்ய அவள் நம்பிய ஆள் ஒருவன்தான். அவனோ அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு அவளோடு பேசுவதில்லை.

ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கையில் வாதுமைக் கட்டை பூட்டிய துப்பாக்கியும், வெள்ளி நிற ஒட்டு நாடாச் சுருளும். அவள் விலைக்கு வாங்கியிருந்த கஞ்சி நிறக் கட்டை லாரியின் பின்னால் தெரியும்படி கிடந்தது.

“கைய நீட்டு” என்றாள் தம்பியிடம்.

“எதுக்கு?”

“நீட்டுடா.”

நீட்டினான். அவன் வலது கட்டைவிரலை மடக்கி உள்ளங்கையோடு சேர்த்து நாடா சுற்றினாள். “இப்ப வா, சுடு.”

கடைக்குப் பின்னால் மண்மேட்டைப் பார்த்த வேலிக்கம்பம் இருந்தது. அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டான். மண்மேட்டில் நிறுத்தியிருந்த குறிக்காகிதத்தில் குண்டு வலப்பக்கம் தள்ளிப்போனது. மறுபடி சுட்டான். இன்னும் கீழே. மணிக்கட்டு முறுக்கிக்கொள்வது எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு உதைக்கும் கை வழுக்க, வழுக்கிய கையைத் திரும்ப ஏற்ற, அவன் காது சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னொண்ணு குடு” என்றான். தோட்டாப் பெட்டி பாதி காலியானபின் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, நாடா சுற்றிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதோடதான் சட்டைப் பொத்தான் போடுறியா?”

“பஸ்ஸும் ஓட்டுறேன்.”

அவன் அழுவான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். வெல்டா நாடாவைப் பிரிக்கப் போனாள். கையை இழுத்துக்கொண்டான்.

“அவுக்காத. அந்தக் கஞ்சிக் கட்டையக் கொண்டா.”

அந்த வேலை முடியும்வரை கைப்பிடியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவன் விரலைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தான். அப்படிப் பிடித்துப் பார்த்ததில்தான், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு சின்ன விளிம்பு இருந்தால் கை இறங்காது என்று அவனுக்குத் தோன்றியது. பிசின் குழைத்து அதைக் கட்டி, பிசின் காய்வதற்குள் அவள் கையை அதில் அழுத்தி அச்சு எடுத்தான். ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்ற இழுத்துத் தள்ளும் போல்ட்டை அவள் உள்ளங்கையால் தள்ளித் திறக்க வசதியாகப் பெரிய குமிழும் வைத்தான். வாதுமைக் கட்டையைத் தன் மான்வேட்டைத் துப்பாக்கிக்கு மாற்றிக்கொண்டான். அது அவனுக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை. செதுக்கும்போது தன் கையில்தானே பிடித்துப் பார்த்திருப்பான்.

போட்டியன்று காற்று சுழன்றடித்தது. கடைசிக் கட்டத்தில் மாட்டுப்பட்டிக் கதவின்மேல் துப்பாக்கியைத் தாங்கி, பள்ளத்துக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தட்டை அடிக்கவேண்டும். டார்வின் உட்பட நல்ல நல்ல ஆட்கள் தவறவிட்டிருந்தார்கள். குண்டு எங்கே விழுந்தது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை; துப்பாக்கி எகிறி, கண் இடம் மாறிவிடுகிறது.

வெல்டாவின் முதல் தோட்டாவும் தட்டில் படவில்லை. ஆனால் அந்தக் கனத்த கட்டை அசையவில்லை. தட்டுக்கு இடப்பக்கம் புழுதி எழுந்ததை அவளே தொலைநோக்கியில் பார்த்தாள். உள்ளங்கையால் போல்ட்டைத் தட்டித் திறந்து மூடினாள். குறியைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தாள். சுட்டாள். ஒரு மூச்சு கழித்து இரும்புச் சத்தம் பள்ளத்தைத் தாண்டி எங்களிடம் வந்தது. மறுபடி சுட்டாள், மறுபடி சத்தம். மிச்சமிருந்த எல்லாத் தோட்டாக்களுக்கும் அந்தச் சத்தம் வந்தது.

மொத்தக் கணக்கில் அவள் நான்காவதாக வந்தாள். அதற்கு முந்தைய கட்டங்களில் போல்ட் அடிப்பதில் நேரம் போயிருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு சாக்கும் சொல்லவில்லை. “அடுத்த வருஷத்துக்குள்ள அதையும் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் எல்லோரும் லாரிகளின் பின்பலகையை இறக்கி உட்கார்ந்து மிளகாய்க்குழம்பு சாப்பிட்டோம். டார்வின் கிண்ணத்தோடு நெளிந்து நெளிந்து வந்தான்.

“வெல்டா, அந்தக் கட்டைல ஒரு தடவை படுத்துப் பாக்கட்டுமா?”

“என் பஸ்ஸக் கேளு, தரேன்” என்றாள் அவள். பிறகு தன் சோளரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துவர எழுந்து போனாள்.